மூன்று நாளாகக் காய்ச்சல்

டெங்குப் பரிசோதனைக்காக எடுக்கப்படும் இரத்தத்தோடு ஒரு சீட்டும் ஆய்வகத்திற்குச் செல்கிறது. பெயர், வயது, ஊர் ஆகியவற்றை அடுத்து அதில் ஒரு கட்டம் இருக்கும்: காய்ச்சல் தொடங்கிய நாள். எந்தக் கருவியாலும் அளந்து அறிய இயலாத தகவல் அது. நோயாளியோ அவரை அழைத்து வந்தவரோ வாயால் சொன்னால்தான் உண்டு. அந்தக் கட்டம் சில வேளைகளில் வெறுமையாக விடப்படுகிறது. சில வேளைகளில் ‘3 நாள்’ என்று நிரப்பப்படுகிறது. இரண்டாவது வகை முதலாவதைவிட மேலானதாகத் தோன்றினாலும், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அது மருத்துவச் சிக்கலாகத் தொடங்குவதில்லை, மொழிச் சிக்கலாகவே தொடங்குகிறது.

‘நேற்று’, ‘முந்தாநாள்’, ‘மூன்று நாளாக’ போன்றவை மொழியியலில் சுட்டுச் சொற்கள் எனப்படும். பேசுகின்றவர், பேசும் இடம், பேசும் நேரம் ஆகியவற்றைச் சார்ந்தே அவற்றின் பொருள் நிலைபெறும். கதவில் ‘நாளை வருகிறேன்’ என்று எழுதித் தொங்கவிட்ட அட்டையைப் படிப்பவருக்கு, அது என்றைக்கு எழுதப்பட்டது என்று தெரியாதவரை ஒன்றும் விளங்காது. இரத்தக் குழாயோடு போகும் ‘3 நாள்’ என்பதும் அத்தகைய அட்டைதான். ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை எழுதப்பட்ட அச்சொல், திருப்பதியில் உள்ள ஆய்வகத்தில் வெள்ளிக்கிழமை படிக்கப்படும்போது எதைக் குறிக்கிறது? மாதிரி எடுத்த தேதி தெளிவாக இருந்தால் கணக்கிட்டுக்கொள்ளலாம். மாதிரி வந்து சேர்ந்த தேதி மட்டும் பதிவேட்டில் ஏறியிருந்தால், சொல் தன் இடத்தையும் நேரத்தையும் இழந்துவிடுகிறது.

இந்த நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பரிசோதனை செயல்படும் முறையை அறிய வேண்டும். டெங்கு வைரஸ் உடலில் பெருகும்போது என்.எஸ்.1 என்னும் புரதத்தை இரத்தத்தில் வெளியிடுகிறது. காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே அதைக் கண்டறியலாம். ஏறத்தாழ ஐந்தாம் நாள் வரை அச்சோதனைக்கு நல்ல பயன் உண்டு. வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளோ தாமதமாகவே தலைகாட்டும். நோயாளிகளுள் ஐந்தாம் நாளில் சுமார் 80 விழுக்காட்டினரிடமும் பத்தாம் நாளில் 99 விழுக்காட்டினரிடமும் அது தென்படும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. ஆகவே இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். சோதனை ‘இல்லை’ என்றால் அது இயல்பே. எட்டாம் நாளில் என்.எஸ்.1 சோதனை ‘இல்லை’ என்றாலும் அதுவும் இயல்பே. இரண்டு ‘இல்லை’களும் நோய் இல்லை என்று சொல்லவில்லை; ‘நீ கேட்ட பொருள் இந்த நாளில் இங்கே இல்லை’ என்று மட்டுமே சொல்கின்றன. நாளைப் பிழையாகச் சொன்னவருக்குப் பரிசோதனையும் பிழையான கேள்விக்குச் சரியான விடையைத் தந்துவிடும்.

இனி இதைச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கும், சத்தியவேடு ஆந்திரத்திற்கும் மாறின. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்தும் நெல்லூர் மாவட்டத்திலிருந்தும் பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது. கோடுகள் இவ்வாறு மூன்று முறை நகர்ந்தபோதும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில் வெந்துகொண்டுதான் இருக்கின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, மருத்துவச் சீட்டில் ஆங்கிலம் என்ற வரிசை அங்கே எவருக்கும் வியப்பளிப்பதில்லை.

காய்ச்சலுக்கே அங்கு எத்தனை சொற்கள்! தெலுங்கில் ஜ்வரம், பேச்சில் ஜரம். வட தமிழகத்து வழக்கில் ஜுரம், ஜொரம். எழுத்துத் தமிழில் காய்ச்சல். இவை ஒரே பொருளைத் தருபவை என்று அகராதி சொல்லும். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ‘உடம்பு சுடுது’ என்பதும் ‘உள்காய்ச்சல்’ என்பதும் ‘காய்ச்சல் அடிக்குது’ என்பதும் பேசுவோர் மனத்தில் வெவ்வேறு நிலைகள். வெப்பமானி இல்லாத வீட்டில் உள்ளங்கையே அளவுகோல். முதல் நிலையை ஒருவர் காய்ச்சலாகக் கணக்கில் எடுப்பார். மற்றொருவர் பிள்ளை படுத்த நாளிலிருந்து எண்ணுவார். மருத்துவருக்கு வேண்டியது முதலாவது. அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது.

எல்லையோரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாயை எண்ணிக்கொள்ளலாம். ஞாயிறு மாலை விளையாடிவிட்டு வந்த மகனின் நெற்றி சுட்டது. திங்களன்று அவன் பள்ளிக்குச் செல்லாமல் படுத்துவிட்டான். புதன் காலை அவனைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்து வருகிறாள். “அம்மா, பாபுக்கு ஜ்வரம் எப்புடு வச்சிந்தி?” என்று பணியாளர் கேட்கிறார். “மொன்னடி நுஞ்சி சார்” என்கிறாள் அவள். தெலுங்கில் ‘மொன்ன’ என்பது முந்தாநாள். அதே சொல் ‘அண்மையில் ஒரு நாள்’ என்ற தளர்ந்த பொருளிலும் வழங்கும். ‘நின்ன மொன்ன’ என்றால் சமீப காலம். தமிழில் ‘நேத்து முந்தாநேத்து வந்தவன்’ என்று சொல்வதைப் போல. பணியாளர் இறுக்கமான பொருளை எடுத்துக்கொண்டு ‘2 நாள்’ என்று எழுதுகிறார். அன்றிரவு அவளே மாமியாரிடம் தமிழில் சொல்கிறாள்: “ஞாயித்துக்கெழம சாயங்காலமே ஒடம்பு சுட்டுச்சு அத்தை.” அவள் பொய் சொல்லவில்லை, பணியாளரும் தவறாகக் கேட்கவில்லை. இரண்டு சொற்களுக்கு இடையில் ஒரு நாள் விழுந்துவிட்டது. எண்ணும் முறையில் இன்னொரு நாளும் விழுந்தது. ஏனெனில் ஞாயிறை முதல் நாளாகக் கொண்டால் புதன் நான்காம் நாள்.

எண்ணும் முறை என்பதும் பண்பாட்டுச் செய்தியே. பிள்ளை பிறந்த பதினோராம் நாள் என்று சொல்லும்போது பிறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவது வழக்கம். ‘இரண்டு நாளாக’ என்னும்போது தொடங்கிய நாள் சேருமா சேராதா என்பது பேசுபவரைப் பொறுத்தது. ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்தக் குழப்பம் இல்லாமல் இல்லை. காய்ச்சல் தொடங்கிய நாளைச் சிலர் 0 என்றும் சிலர் 1 என்றும் குறிக்கின்றனர்.

அந்தச் சிறுவனுக்கு ‘2 நாள்’ என்ற சொல்லை நம்பி என்.எஸ்.1 மட்டும் பார்க்கப்பட்டு ‘நெகடிவ்’ என வந்தால் என்னவாகும்? தொடக்கத்திலேயே பார்த்தாயிற்று, இல்லை என்று தெரிந்துவிட்டது என்ற நிம்மதி வீட்டுக்குப் போகும். ஆனால் முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு இரண்டாம் முறை வரும்போது அந்தப் புரதம் இரத்தத்திலிருந்து விரைவாக மறையக்கூடும், ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளும் குறைவாகவே எழலாம். தென்னிந்தியாவில் இதைப் புறக்கணிக்க இயலாது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 15 மாநிலங்களில் 5 முதல் 45 வயதுக்கு உட்பட்டோரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு டெங்குத் தொற்றுக்கு உள்ளானதன் தடயம் நாடு முழுதும் 48.7 விழுக்காட்டினரிடமும் தென்னிந்தியாவில் 76.9 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. நான்கில் மூவர் இரத்தத்தில் பழைய நினைவு இருக்கிறது. ஆகவே ஐ.ஜி.ஜி. ‘பாசிடிவ்’ என்ற ஒற்றை வரியைக் கண்டு அஞ்சுவதும், என்.எஸ்.1 ‘நெகடிவ்’ என்ற ஒற்றை வரியைக் கண்டு அமைதியடைவதும் ஒரே வகைப் பிழைகள். இரண்டையும் நாளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிழையான நாள் கணக்கின் பெரிய ஆபத்து முடிவுத்தாளில் இல்லை. அது வீட்டுக்குள் இருக்கிறது. டெங்குவில் உயிருக்கு அச்சம் தரும் கட்டம் பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் தறுவாயில் வருகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் அல்லது நிலைகொள்ளாத தவிப்பு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். ஆனால் தமிழில் ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்றாலே நோய் போய்விட்டது என்று பொருள். ‘ஜ்வரம் தக்கிந்தி’ என்ற தெலுங்குத் தொடரும் அதே ஆறுதலைத் தருகிறது. இரு மொழிகளிலும் ஆறுதலின் சொல்லாக இருப்பது, இந்த ஒரு நோயில் விழிப்பின் சொல்லாக மாற வேண்டும். வியாழனன்று மகனின் உடல் குளிர்ந்தபோது அந்தத் தாய் இனிப் பயமில்லை என்று எண்ணினால் அவள்மேல் குற்றமில்லை. அவளுக்கு மொழி கற்றுத்தந்த பொருள் அதுவே. சுகாதார நிலையத்தின் கணக்கோ பின்தங்கியிருக்கிறது. கவனிக்க வேண்டிய இரு தரப்பும் அந்த நாளில் கவனிக்காமல் விடுவதற்கு அதுவே போதும்.

இதே வகையில் ஒரு சொல் மற்றவற்றை மறைப்பதற்கு ‘கவுண்ட்’ நல்ல சான்று. மருத்துவமனை வராந்தாவில் நலம் விசாரிப்பதற்குப் பதிலாக ‘கவுண்ட் எவ்வளவு?’ என்றுதான் கேட்கின்றனர். தட்டணுக்களின் எண்ணிக்கையையே அது குறிக்கும். முடிவுத்தாளில் ஓர் ஆய்வகம் 80,000 என்று அச்சிடும், மற்றொன்று 0.8 இலட்சம் என்று அச்சிடும். மூன்றாவது 80 என்று எழுதி அருகில் அலகைச் சிறிதாகப் போடும். மூன்றும் ஒன்றே. ஆனால் அலகைப் படிக்காதவருக்கு எண்பதாயிரம் எண்பதாகச் சரிந்துவிடும். தட்டணுக் குறைவோடு சேர்த்து இரத்தத்தின் செறிவு உயர்கிறதா என்று பார்ப்பதே நீர்மக் கசிவை உணர்த்தும். அந்த எண்ணைப் பற்றி வராந்தாவில் எவரும் கேட்பதில்லை. இரத்தக் கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதால் இரத்தக் கசிவைத் தடுக்க இயலவில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் ‘கவுண்ட் ஏத்தணும்’ என்ற தொடர் ஊர்தோறும் நிலைத்திருக்கிறது.

பரிசோதிக்கப்படாத காய்ச்சலும் பெயரின்றி இருப்பதில்லை. தெலுங்கு நாளிதழ்கள் மழைக்காலத்துக் காய்ச்சல்களை ‘விஷ ஜ்வராலு’ என்கின்றன. தமிழ் நாளிதழ்கள் ‘மர்மக் காய்ச்சல்’ என்கின்றன. ஒரு மொழி நஞ்சு என்கிறது. மற்றொன்று புதிர் என்கிறது. ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒரே நோய்க்கு இவ்விரு பெயர்களும் வழங்கலாம். இரண்டிலும் அறியப்படாத ஒன்று இருக்கிறது என்ற ஒப்புதல் உண்டு. ஆனால் நஞ்சு என்ற சொல் அச்சத்தையும், மர்மம் என்ற சொல் ஐயத்தையும் தூண்டும். அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டத்திலும் ஒரே காய்ச்சல் மூன்று படிவங்களில் ஏறும் வழக்கம் இருந்தது: களப்பணியாளர் நிரப்பும் ‘எஸ்’ படிவத்தில் அறிகுறியாக, மருத்துவர் நிரப்பும் ‘பி’ படிவத்தில் ஊகமாக, ஆய்வகம் நிரப்பும் ‘எல்’ படிவத்தில் உறுதியாக. விரைவு அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தால் மக்கள் அதை டெங்கு என்பர். தேசியத் திட்டமோ எலைசா முறையில் உறுதியானதையே டெங்கு என்று எண்ணும். விரைவு அட்டை தருவது ‘இருக்கலாம்’ என்ற சொல் மட்டுமே. நாளிதழின் எண்ணிக்கையும் அரசின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் முரண்படுவதற்கு மறைப்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ‘டெங்கு’ என்ற சொல்லை இரு தரப்பும் இரு பொருளில் ஆள்வதும் காரணம்.

2006ஆம் ஆண்டு இதற்குப் பெரும் சான்று. 2005 இறுதியில் ஆந்திரத்தில் மீண்டும் தலைதூக்கிய சிக்குன்குனியா, அடுத்த ஆண்டு நாடு முழுதும் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேரைத் தாக்கியதாகக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டோர் மிகச் சிறு பகுதியே. எஞ்சியோர் மூட்டுவலியால் அறியப்பட்டு ஒரு பெயரால் எண்ணப்பட்டனர். அப்பெயரோ தான்சானியாவின் மக்கொண்டே மொழிக்குரியது. உடலை வளையச் செய்வது என்ற பொருளை உடையது. 1952-53இல் அங்கு ஏற்பட்ட பரவலின்போது மருத்துவ உலகில் நுழைந்தது. தமிழ்ப் பேச்சில் அது ‘சிக்கன்குனியா’ ஆயிற்று. பலர் கோழிக்கறியைத் தவிர்த்தனர். ஆனால் தற்செயலாக, ‘குனி’ என்ற தமிழ் வினை மக்கொண்டே மொழியின் பொருளுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. சொல்லின் முற்பாதியில் மக்கள் வழி தவறினர். பிற்பாதியில் அறியாமலே இலக்கை அடைந்தனர்.

இப்பகுதியின் இரத்தம் அறிவியலுக்கு நெடுநாள் பழக்கமானது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக 1955இல் வேலூரில் நோயாளிகளிடம் அடையாளம் காணப்பட்டது. புனேயில் 1952இல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆய்வு மையம் பின்னர் தேசிய வைரஸியல் நிறுவனமாக வளர்ந்தது. இன்று நாடெங்கும் உள்ள கண்காணிப்பு மருத்துவமனைகளுக்கு டெங்கு ஐ.ஜி.எம். எலைசா பெட்டிகளை வழங்குவது அந்நிறுவனமே. மூளைக்காய்ச்சல் வைரசும் டெங்கு வைரசும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையில் பொய்யாக வெளிப்படலாம். உறவினச் சொற்கள் பொருளில் மயங்குவதை அறிந்த மொழியியல் மாணவருக்கு இது புதிதாக இராது.

திருப்பதியில் வசதிகளுக்குப் பஞ்சமில்லை. ரூயா அரசு மருத்துவமனை உண்டு. ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் வைரஸ் ஆய்வகம் உண்டு. வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வைரஸியலுக்குத் தனித் துறையே உண்டு. குப்பத்தில் 1997இல் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகத்தில் தென்னக மொழிகள் ஆராயப்படுகின்றன. வைரஸைப் படிப்பவரும் சொல்லைப் படிப்பவரும் ஒரே நிலப்பரப்பில் இருந்தும், இரத்தக் குழாயோடு வரும் சீட்டில் அவர்கள் சந்திப்பதில்லை. எலைசா தட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் நிறம் தோன்றுவதையும் தோன்றாததையும் கருவி துல்லியமாக அளக்கிறது. அத்துணைத் துல்லியமும் ‘மொன்ன’ என்ற தளர்ந்த சொல்லின்மேல் அமர்ந்திருக்கிறது.

சீர்திருத்தம் பெரிய செலவுடையதும் அன்று. சீட்டில் ‘எத்தனை நாளாக’ என்பதற்குப் பதிலாக, கிழமையும் தேதியும் கேட்கப்படலாம். ‘3 நாள்’ என்பது நாளைக்கே பொய்யாகிவிடும். ‘ஞாயிறு, 14’ என்பது எத்தனை ஊர் கடந்தாலும் மாறாது. கேள்வியையும் மாற்றலாம். “ஜ்வரம் எப்போது வந்தது?” என்பதைவிட “கடைசியாகப் பிள்ளை நன்றாக விளையாடியது எந்தக் கிழமை? அன்றிரவு உடம்பு சுட்டதா?” என்பது நினைவை எளிதில் எட்டும். சந்தை கூடிய நாள், பள்ளி விடுமுறை, வீட்டு விசேஷம் போன்றவற்றைத் துணைகொண்டு காலத்தைக் கணிக்கும் முறை, வயதை நினைவில் வைத்திராதவர்களிடம் கணக்கெடுப்போர் கையாண்டதுதான். தாய் எந்த மொழியில் பிள்ளையைத் தாலாட்டினாளோ அந்த மொழியில் கேட்டால் விடை இன்னும் நெருங்கி வரும்.

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் எவரேனும் ஒரு பருவமழைக் காலம் முழுதும் ஒரு சுகாதார நிலையத்தில் உரிய அனுமதியோடு அமர்ந்து, கேட்கப்பட்ட கேள்வியையும் சொல்லப்பட்ட விடையையும் எழுதப்பட்ட எண்ணையும் அருகருகே பதிவு செய்யலாம். மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை அது. எத்தனை வரிகளில் மூன்றும் ஒத்துப்போகின்றன என்று எண்ணிப் பார்த்தால், எத்தனை குழந்தைகளுக்குக் காய்ச்சல் விட்ட நாள் சரியாகக் கணிக்கப்பட்டது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.